மூணு பவுனும் புருவத் தழும்பும்: நேட்டாலுக்குக் கப்பலேறிய பூட்டனைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் தாத்தாவின் அப்பா, அதாவது எனக்குப் பூட்டன், குடியாத்தம் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்திலிருந்து மெட்ராஸ் போய்க் கப்பலேறி 'நெட்டாலு'க்குப் போனவர். அவர் கிளம்பும்போது பூட்டி ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாராம். தலைப்பிள்ளையாகத் தாத்தா பிறந்தது சார்வரி வருஷம் மாசி மாதம் என்று ஜாதகத்தில் இருக்கிறது, அதாவது 1900. காந்தி போன அதே கப்பலில்தான் பூட்டனும் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, யாரையோ வைத்து எழுதியது, கீலக வருஷம் தை மாதம் என்று போட்டிருக்கிறது. 'மவுண்டேச்சுக்கம் தோட்டத்தில் இருக்கிறேன், வருசத்துக்கு மூணு பவுன் குடுக்கச் சொல்லுகிறார்கள், கையில் ஒன்றும் நிற்கவில்லை, அதனால் மறுபடியும் கையெழுத்து வைத்துவிட்டேன்' என்று அதில் எழுதியிருக்கிறது. அங்கே ஒருத்தியைக் கட்டி மூன்று பவுன் நகை போட்டுவிட்டார், மறுபடி கையெழுத்து என்பது ரிஜிஸ்டர் கல்யாணம் என்று பூட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம் தகவலே இல்லை. பூட்டனுடைய அப்பா பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஃபோட்டோ இல்லை. மாடு முட்டி இடது புருவம் பிளந்த தழும்பு இருந்தது என்று மட்டும் பெரியவர்கள் சொல்வார்கள். கடிதத்தின் உறை இருக்கிறது, ஸ்டாம்பை மட்டும் என் மகன் சின்ன வயதில் வெட்டி எடுத்துவிட்டான். இப்போது ஒருவர் 40,000 ரூபாய் கொடுத்தால் பூட்டனின் கப்பல் டிக்கெட் நகலையே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? அங்கே எங்களுக்குச் சொந்தம் யாராவது இருப்பார்களா?

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், குடியாத்தம் வட்டம்

பதில்:

வணக்கம் ஐயா. முதலில் அந்த 40,000 ரூபாய். கொடுக்காதீர்கள். உங்கள் பூட்டனைப் போல ஐந்து வருஷம் தோட்டத்தில் வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் கையில் டிக்கெட் வாங்கிக் கப்பலேறவில்லை, அவர்களுக்கான கப்பல் செலவை ஆளெடுத்த தரப்புதான் கொடுத்தது. ஆகவே டிக்கெட் நகல் என்று ஒருவர் விலை பேசினால், ஒன்று அவருக்கு இந்த விஷயமே தெரியாது, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார். உண்மையில் இருப்பது கப்பல் பட்டியல். அதற்கு வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது, உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அதை நானே கவனிக்கவில்லை.

அந்த மூணு பவுன் நகை இல்லை ஐயா, வரி.

நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது இருந்த வெள்ளைக்காரக் காலனி. அந்த நேட்டால் அரசாங்கம் 1895-இல் ஒரு சட்டம் போட்டது. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்த கூலிக்கு அதற்கப்புறம் மூன்று வழிதான்: ஊருக்குத் திரும்பிப் போ, அல்லது மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, இரண்டும் மாட்டேன் என்று சுதந்திரமாக இங்கேயே இருக்கப் பார்த்தால் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்டு. வெள்ளைக்காரனின் ஒரு பவுண்டுத் தங்கக் காசைத்தானே நம் ஊரில் பவுன் என்றார்கள், அதனால் கடிதம் எழுதிக் கொடுத்தவர் சரியாகத்தான் 'மூணு பவுன்' என்று எழுதியிருக்கிறார். ஒப்பந்தக் கூலியின் சம்பளம் மாதம் 10 ஷில்லிங்கில் ஆரம்பித்து வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும், ஐந்தாவது வருஷம் 14 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்றால் 3 பவுண்டு 60 ஷில்லிங், அதாவது சாப்பிடாமல் கொள்ளாமல் நாலு மாதச் சம்பளத்துக்கு மேல். அந்தக் கணக்கில் ஊருக்கு அவர் என்னத்தை அனுப்பியிருக்க முடியும்? மறுபடி ஒப்பந்தம் போட்டால் அது நடக்கும்வரை வரி இல்லை. 'கையில் ஒன்றும் நிற்கவில்லை, அதனால் மறுபடியும் கையெழுத்து வைத்துவிட்டேன்' என்ற வரியை இப்போது திரும்பப் படித்துப் பாருங்கள். தாலி, சேலை, ரிஜிஸ்டர் கல்யாணம் எதுவும் அதில் இல்லை. அந்த வரியை எதிர்த்துத்தான் 1913-இல் காந்தி பின்னால் ஆயிரக்கணக்கான கூலிகள், அதில் தமிழர்கள் ஏராளம், வேலையை நிறுத்திவிட்டு நடந்தார்கள், 1914-இல் அது ரத்தானது.

இதை வைத்து அவர் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்ளவே இல்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வைத்துக்கொண்டிருக்கலாம், பலர் வைத்துக்கொண்டார்கள். ஊருக்கு வருகிறவர்களுக்கு இலவசமாகக் கப்பலில் இடம் கொடுத்தார்கள் என்பதும் உண்மை, அப்படியிருந்தும் ஏன் வரவில்லை என்று பூட்டி கேட்டிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் கையில் வைத்துக்கொண்டு அழுத அந்தக் கடிதம் அதற்குச் சாட்சி இல்லை, அவ்வளவுதான்.

சரி, தேடலுக்கு வருவோம். தேதியில் நீங்கள் ஒரு வருஷம் பின்னால் நிற்கிறீர்கள், இந்தத் தப்பை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்கிறார்கள். சார்வரி வருஷம் 1900 சித்திரையில் பிறந்தது, சரி, ஆனால் அதன் மாசி மாதம் இங்கிலீஷ் கணக்கில் 1901 பிப்ரவரி, மார்ச். அதே போலக் கீலக வருஷம் தை என்பது 1909 ஜனவரி, பிப்ரவரி. தமிழ் வருஷத்தின் கடைசி மூன்று மாதங்களை மாற்றும்போது ஒன்றைக் கூட்ட வேண்டும். நீங்கள் போஸ்ட் ஆபீஸ் ஆள், தேதி முத்திரை ஒரு நாள் தப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இங்கே தப்புவது ஒரு வருஷம். மாசியில் பிரசவம், கிளம்பும்போது ஐந்து மாதம் என்றால் அவர் ஊரைவிட்டுப் போனது 1900 புரட்டாசி ஐப்பசி வாக்கில். மெட்ராஸ் டெப்போவில் ஆள் சேரும்வரை அடைத்து வைப்பார்கள், டாக்டர் பார்ப்பார், அப்புறம் நீராவிக் கப்பலில் சில வாரம். ஆகவே நேட்டாலின் துறைமுகமான டர்பனில் இறங்கியது 1900 கடைசியிலோ 1901 தொடக்கத்திலோ. 'ஐந்து மாதம்' என்பது யாரோ சொல்லி யாரோ கேட்டது, அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு, 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை டர்பனில் வந்து நின்ற மெட்ராஸ் கப்பல்களை மட்டும் பாருங்கள். 1860-இல் மெட்ராஸிலிருந்து போன ட்ரூரோ தொடங்கி 1911-இல் உம்லாசி வரை 384 கப்பல் பயணங்களில் சுமார் 1,52,000 பேர் அப்படிப் போயிருக்கிறார்கள், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து, மீதி கல்கத்தாவிலிருந்து. அந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தேடுவதும், ஒரு வருஷத்துக் கப்பல்களில் தேடுவதும் ஒன்றா?

கப்பல் பெயர்களில் ஒரு சின்னக் குழப்பம் வரும். உம்லாசி, உம்சிண்டோ, உம்வோட்டி, உம்குசி என்று நேட்டாலில் ஓடும் ஆறுகளின் பெயரை வைத்த கப்பல்கள் திரும்பத் திரும்ப ஓடியிருக்கின்றன. பட்டியலில் பெயரோடு பயண எண்ணும் இருக்கும், அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், வெறும் 'உம்லாசி' என்று எழுதி வைத்தால் பின்னால் நீங்களே திணறுவீர்கள்.

காந்தி கப்பல் கதையையும் முடித்துவிடுகிறேன். நேட்டால், டிரான்ஸ்வால் போனவர்களின் வாரிசுகள் எழுதும் கடிதங்களில் பாதிக்கு மேல் இது இருக்கும், காந்தி அத்தனை பேரோடும் போயிருந்தால் கப்பல் முழுகியிருக்கும். அவர் 1893-இல் பம்பாயிலிருந்து போனார். இரண்டாவது தடவை 1896 கடைசியில் குடும்பத்தோடு குர்லாண்ட் கப்பலில் போனதும் பம்பாயிலிருந்துதான். கூலிக் கப்பல்கள் மெட்ராஸ், கல்கத்தாவிலிருந்து போனவை, வழியும் வேறு, ஆட்களும் வேறு. ஆனால் உங்கள் பூட்டன் போய் இறங்கிய அந்த மாதங்களில் காந்தி டர்பனில்தான் வக்கீலாக இருந்தார், 1901 அக்டோபரில்தான் கிளம்பினார். வீட்டில் அப்படி ஒரு பேச்சு வந்ததற்கு அது போதும்.

இப்போது அந்தப் பட்டியல். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. காலனி எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தானா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், அப்புறம் யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்ற விவரம். சிலரது வரியில் பின்னால் திரும்பிப் போனார், இறந்தார் என்றும் குறித்திருப்பார்கள். அசல் பதிவேடுகள் டர்பனில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பட்டியல், டர்பன் வெஸ்ட்வில்லில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காந்தி-லுதுலி ஆவண மையத்தில் கிடைக்கும். பட்டியலைத் தேடுகிறவர்கள் எல்லோரும் பெயரிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், நான் கடைசியாகத்தான் பெயருக்குப் போவேன். ஏனென்று சொல்கிறேன்.

உங்கள் பூட்டன் பெயரை இங்கே போடவில்லை, முனுசாமி என்று வைத்துக்கொள்வோம். டெப்போவில் குமாஸ்தா காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினார். மூன்சாமி, முன்சாமி, முனிசாமி, மூனூசாமி, நாலும் ஒரே ஆளாக இருக்கலாம், நாலு ஆளாகவும் இருக்கலாம், ஏனென்றால் வட ஆற்காட்டிலிருந்து போன ஒரே கப்பலில் ஐந்தாறு முனுசாமி இருப்பது சாதாரணம். கவுண்டர் அங்கே போய் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், படையாச்சி மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டார். சாதிப் பத்தியையும் ரொம்ப நம்ப வேண்டாம். சிலர் மாற்றிச் சொன்னார்கள், சிலருக்கு எழுதுகிறவரே ஒன்றைப் போட்டுவிட்டார். உங்கள் வீட்டில் சொல்வதும் பட்டியலில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் ஒரு வரியைத் தள்ளிவிடாதீர்கள், அதே சமயம் ஒத்துப்போகிறது என்று துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். வயதும் அப்படியே, பார்த்த மாத்திரத்தில் போட்ட வயது, நாலைந்து வருஷம் முன்னே பின்னே இருக்கும்.

ஊர்ப் பெயர் கொஞ்சம் உறுதியானது. ஜில்லா என்ற இடத்தில் நார்த் ஆற்காடு என்றிருக்கும். அப்போது அந்த ஜில்லாவுக்குச் சித்தூர்தான் தலைநகர், சித்தூர் தனி ஜில்லாவானது 1911-இல்தான், ஆகவே சித்தூர் என்று எங்காவது பார்த்தால் ஆந்திராக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தானா என்பது வடநாட்டுச் சொல், போலீஸ் ஸ்டேஷன் எல்லையைக் குறிப்பது. நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் தாலுக்காவைப் போட்டிருப்பார்கள். குடியாத்தம் என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், அஞ்சல் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவருக்கு அது என்னைவிட நன்றாக வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி அந்தத் தழும்பு. 'ஃபோட்டோ இல்லை, தழும்பு மட்டும் சொல்வார்கள்' என்று ஏதோ குறைபோல எழுதியிருக்கிறீர்கள். ஃபோட்டோ இருந்தால் எதனோடு ஒப்பிடுவீர்கள்? நேட்டால் பட்டியலில் படம் இல்லை. மொரிஷியஸ் போனவராக இருந்தால் கதை வேறு, அங்கே 1860-களிலிருந்தே கூலிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. நேட்டாலுக்கு இருப்பது உடல் அடையாளப் பத்திதான். ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதி வைத்தது அது, பாசத்தோடு எழுதியது ஒன்றும் இல்லை, ஆனால் நமக்கு இன்று அதுதான் கை கொடுக்கிறது. வலது முழங்காலில் தழும்பு, கன்னத்தில் மச்சம் என்று ஒற்றை வரியில் இருக்கும். நீங்கள் தேடப்போவது முனுசாமி என்ற ஆளை இல்லை. வட ஆற்காடு, குடியாத்தம், ஏறக்குறைய உங்கள் கிராமத்தின் ஓசையில் ஒரு ஊர், இடது புருவத்தில் தழும்பு, இவை நாலும் ஒரே வரியில் வரும் ஆளை. அந்த வரியில் என்ன பெயர் இருந்தாலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். புருவம் என்பதற்குப் பதில் நெற்றி என்று எழுதியிருந்தால் நான் தள்ள மாட்டேன், முழங்கால் என்றிருந்தால் யோசிப்பேன்.

அப்பா பெயர் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் தாத்தா தலைப்பிள்ளை, ஆண் பிள்ளை. நம் பக்கத்தில் தலைப்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற பாட்டன் பெயரைத்தானே வைப்பார்கள். அப்படியானால் பூட்டனுடைய அப்பா பெயர் உங்கள் தாத்தா பெயராகவே இருக்க வாய்ப்பு அதிகம். குலசாமி பெயரை வைத்திருந்தால் இது பலிக்காது, அது உங்களுக்குத் தெரியும். இதை உறுதிப்படுத்தக் காகிதம் வேண்டுமென்றால் பூட்டனின் அண்ணன் தம்பி யாராவது நிலம் வாங்கி விற்றிருப்பார்கள், சார்பதிவாளர் ஆபீசில் பழைய பத்திர நகலுக்கு மனுப் போடுங்கள். அந்தக் காலத்துப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று அப்பன் பெயர் இல்லாமல் ஒரு ஆளையும் விடமாட்டார்கள். பாகப் பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் விசேஷம், ஊரில் இல்லாத பங்காளியின் பங்கை என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டியிருக்கும், அந்த வரியில்தான் அவர் எங்கே போனார் என்பது இருக்கும். நான் பார்த்த ஒரு பத்திரத்தில் 'அக்கரைச் சீமைக்குப் போயிருக்கிற' என்று இருந்தது. பங்காளி வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு நடை போய் வாருங்கள், அவர்கள் உங்களைவிட வேறு மாதிரி கதை வைத்திருப்பார்கள், அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது தப்பு என்று அங்கேயே சண்டைக்கு நிற்காதீர்கள், அடுத்த தடவை வாயைத் திறக்க மாட்டார்கள்.

'மவுண்டேச்சுக்கம்' என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஒருவேளை படிக்க முடியாத சொல் என்று விட்டுவிட்டீர்களோ என்னவோ. வாய்விட்டு வேகமாக நாலு தடவை சொல்லிப் பாருங்கள். மவுண்ட் எட்ஜ்கம்ப். டர்பனுக்கு வடக்கே பெரிய கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் இருந்த இடம், மார்ஷல் கேம்ப்பெல் என்ற முதலாளியின் நேட்டால் எஸ்டேட்ஸ் கம்பெனியுடையது. நம் ஆட்கள் கட்டிய நூறு வருஷம் தாண்டிய பிள்ளையார் கோயில் ஒன்று அங்கே இன்றும் இருக்கிறது. 1913 நவம்பர் வேலைநிறுத்தத்தில் அந்தப் பகுதித் தோட்டங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து கூலிகள் செத்தார்கள், இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை, 1909-க்கு அப்புறம் ஏன் கடிதம் வரவில்லை என்று தேடும்போது அந்தத் தேதியையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. ஓசை ஒத்துப்போகிறது என்பதற்காக இதையே முடிவாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். தழும்புக்காரரின் வரியில் முதலாளி என்ற இடத்தில் நேட்டால் எஸ்டேட்ஸ் என்று இருந்தால் எனக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை. வேறு முதலாளி பெயர் இருந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள், முதல் ஐந்து வருஷம் ஒரு இடம், மறுபடி கையெழுத்துப் போட்டு வேறு இடம் என்று மாறியவர்கள் நிறைய.

வரி கிடைத்துவிட்டால் அதில் உள்ள காலனி எண்ணை மனப்பாடம் செய்துவிடுங்கள். அங்கே அரசாங்கத்துக்கு அவர் முனுசாமி இல்லை, அந்த எண். கல்யாணப் பதிவு, கோர்ட் வழக்கு, இறப்பு, எல்லாக் காகிதத்திலும் பெயருக்குப் பக்கத்தில் அதைப் போடுவார்கள். தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு இணைய அட்டவணை இருக்கிறது, நாயர்ஸ் என்பார்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை. அதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளையைத் தேர்ந்தெடுத்துப் பெயரையும் எண்ணையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். காகிதத்தின் படம் வராது, கோப்பின் தலைப்பும் எண்ணும்தான் வரும், ஆனால் அந்தத் தலைப்பே சில சமயம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். இந்தியக் குடியேறிகளைக் கவனிக்க ப்ரொடெக்டர் என்று ஒரு அதிகாரி இருந்தார், அவர் ஆபீஸ் காகிதங்கள் அந்தக் கிளையில்தான் இருக்கின்றன. அடித்தார்கள், ரேஷன் குறைத்தார்கள், சம்பளம் தரவில்லை என்று கூலிகள் கொடுத்த புகார், வாக்குமூலம் எல்லாம் அதில் வரும். காந்தியிடம் 1894-இல் வாயில் ரத்தத்தோடும் கையில் தலைப்பாகையோடும் வந்து நின்ற பாலசுந்தரம் ஒரு தமிழ்க் கூலிதான், அவரைப் போல எத்தனையோ பேர் காந்தி இல்லாமலே அந்த ஆபீஸ் படியேறியிருக்கிறார்கள். உங்கள் பூட்டன் புகார் கொடுக்கிற ஆளாக இருந்திருந்தால் நமக்கு அதிர்ஷ்டம், பேசாமல் வேலை பார்த்துவிட்டுப் போனவராக இருந்தால் காகிதம் குறைவாகத்தான் இருக்கும்.

அதைவிட முக்கியம் இறப்புக் கோப்பு. ஏதாவது கொஞ்சம் சொத்து விட்டுவிட்டுச் செத்திருந்தால் இறப்பு அறிவிப்பு என்று ஒரு படிவம் நிரப்பியிருப்பார்கள். அதில் பிறந்த இடம், அப்பா அம்மா பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் வரிசையாக இருக்கும். அங்கே சொந்தம் யாராவது இருப்பார்களா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. ஃபேமிலிசர்ச் என்ற தளத்திலும் நேட்டால் பிறப்பு இறப்புப் பதிவுகள் இருக்கின்றன, கணக்குத் தொடங்குவது இலவசம், பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: அங்கே நம் ஆட்களின் சொந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ஆகவே அவருக்கு அங்கே பிள்ளைகள் பிறந்திருந்தால் அவர்கள் இன்று மூன்சாமி குடும்பம் என்றோ, அவருடைய அப்பா பெயரில், அதாவது உங்கள் தாத்தா பெயரில் ஒரு குடும்பம் என்றோதான் இருப்பார்கள். டர்பன் டெலிபோன் புத்தகத்தில் உங்கள் தாத்தா பெயர் குடும்பப் பெயராக வருவதைப் பார்த்தால் ஒரு மாதிரியாக இருக்கும், பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பட்டியலில் அவர் பக்கத்திலேயே மனைவி என்று ஒரு பெண் பெயர் இருந்தால் உடனே கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 100 ஆணுக்கு 40 பெண் என்று கணக்குக் காட்டியாக வேண்டும் என்பது அன்றைய விதி. டெப்போவிலேயே தனியாக வந்த ஆணையும் தனியாக வந்த பெண்ணையும் ஜோடி என்று எழுதிவிடுவது நடந்திருக்கிறது, அதில் சில ஜோடிகள் கடைசிவரை ஒன்றாகவே வாழ்ந்துமிருக்கிறார்கள். எது எப்படி என்று ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது.

டிஎன்ஏ டெஸ்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது வந்து அதை விற்பார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். பூட்டனுக்கு அங்கே இரண்டாவது குடும்பம் இருந்து, அதில் உங்கள் தலைமுறை ஆள் ஒருவர் டெஸ்ட் எடுத்திருந்தால், உங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது சராசரியாக ஒன்றரை சதவீதம். கண்டுபிடிக்கக்கூடிய அளவுதான், ஆனால் நம் ஆட்களில் அக்கா மகள், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டியதில், சம்பந்தமே இல்லாத ஒரே ஊர்க்காரர்கூட நெருங்கிய உறவுபோலத் தெரிவார். காகிதத்தில் ஒரு குடும்பம் கிடைத்த பிறகு சரிபார்க்க டெஸ்ட் எடுங்கள், முதல் வேலையாக வேண்டாம்.

அவர் திரும்பி வந்திருக்கவும் கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் யோசிப்பதில்லை. 1927-இல் இந்திய அரசும் தென்னாப்பிரிக்க அரசும் கேப்டவுனில் ஒரு ஒப்பந்தம் போட்டு, ஊருக்குத் திரும்புகிற வயதுவந்தவர்களுக்கு ஆளுக்கு 20 பவுண்டு கொடுத்துக் கப்பலேற்றினார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் சொந்த ஊருக்குப் போக முகமில்லாமல் மெட்ராஸிலேயே தங்கிவிட்டார்கள். பட்டியலில் அவர் வரியில் 'திரும்பினார்' என்று கப்பல் பெயரோடு ஒரு குறிப்பு இருந்தால் நாம் டர்பனை விட்டுவிட்டுச் சென்னையில் தேட வேண்டியிருக்கும், அது இன்னும் கஷ்டமான வேலை, அப்போது மறுபடி எழுதுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது, காந்தி-லுதுலி மையத்துக்கு ஒரு மின்னஞ்சல். குடும்ப வரலாறு, சோகம் எல்லாம் வேண்டாம். 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை வந்த மெட்ராஸ் கப்பல்கள், வட ஆற்காடு, குடியாத்தம், கிராமத்தின் பெயர் ஐந்தாறு எழுத்துக்கூட்டலில், பூட்டன் பெயர் அதே போல, அப்பா பெயராக உங்கள் தாத்தா பெயர், இடது புருவத் தழும்பு, மவுண்ட் எட்ஜ்கம்ப். பத்து வரிக்குள் முடித்துவிடுங்கள். நகலுக்கு ஏதாவது கட்டணம் கேட்டால் அவர்களிடமே நேராகக் கட்டுங்கள்.

அப்புறம் அந்த ஸ்டாம்ப். முப்பத்தைந்து வருஷம் போஸ்ட் ஆபீசில் இருந்துவிட்டு மகனை ஸ்டாம்ப் வெட்ட விட்டிருக்கிறீர்களே ஐயா! உறையின் பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், வந்து சேர்ந்த முத்திரை இருக்கலாம். ஆனால் அனுப்பிய ஊரின் முத்திரை விழுந்திருப்பது ஸ்டாம்ப் மேல்தான். 1909-இல் நேட்டால் ஸ்டாம்பில் ஏழாம் எட்வர்ட் ராஜா தலை இருக்கும், அதன் மேல் அரை வட்டமாகவாவது ஊர்ப் பெயர் தெரிந்தால் 'மவுண்டேச்சுக்கம்' சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. மகனிடம் அந்த ஆல்பம் எங்கே என்று கேளுங்கள், கிடைத்தால் ஸ்டாம்பைத் தண்ணீரில் போட்டு எடுக்காமல் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.